எடைமேடை

பழத்தோடு ஏறும்போது லாரி முப்பத்தொரு டன்.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது பதினொன்று.
கழித்தால் வருவதுதான் பழம்.
பத்தொன்பது வருடமாய் இந்தக் கழித்தலில்தான்
பசியாறுகிறேன்,
செம்பனை ஆலை வாசலில்,
ஊத்தான் மெலிந்தாங்கில்.

மலாய்க்காரர்களுக்கு அது குறுக்கே கிடக்கும் காடு.
எனக்கு,
நூற்றெட்டுக் கிலோவிலிருந்து அறுபத்தொன்பதுக்கு இறங்கிய பிறகு,
பேருந்துப் பலகையே சாடை பேசுகிறது:
மெலிந்தாள், மெலிந்தாள்.

இனிப்புநீர் பயமுறுத்தியது. சோற்றைக் குறைத்தேன்.
தே ஓ கோசோங் குடித்து முகம் சுளிக்கப் பழகினேன்.
அந்தியில் பழைய பெரட்டுக்களத்தைச் சுற்றி
நாய்கள் சலித்துக் குரைப்பதை நிறுத்தும்வரை நடந்தேன்.
இடுப்பு போனது, கன்னம் போனது.
கழுத்துத் தோல் மட்டும்
ஆள் காலிசெய்த வீட்டில்
கழற்ற மறந்த திரைச்சீலைபோல
தொங்கி நின்றது.
சங்கிலி அந்த மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.
சீட்டுக்காசு வாங்க வந்த பவளக்கொடி
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
டாக்டர் என்னதான் சொல்றாரு?

கிளினிக்கில் நோர் ஹஸ்லினா சிரிக்கவில்லை.
தோலுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்,
தசைக்குக் கொடுக்கிறேன் என்றாள்.

நெற்றியில் உள்ளங்கையை வை.
கை தள்ளட்டும், தலையும் தள்ளட்டும்,
இரண்டும் நகரக் கூடாது. பத்து எண்ணு.
இது தெரியும் என்றேன்.
எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடமாய் நடக்கிறது.

மோவாயைப் பின்னால் இழு,
கெட்ட வாடை எதிரே வந்து நின்றாற்போல.
ஆலைக் கழிவுக்குளத்துக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவளுக்கு
இதையுமா சொல்லித்தர வேண்டும்?

மல்லாந்து படு.
தலையை மட்டும் தூக்கிக் கால் கட்டைவிரலைப் பார்.

இது தெரியவில்லை.
நான்கு எண்ணுவதற்குள் நடுங்கிப்
பொத்தென்று விழுந்தது தலை.
ஐந்து கிலோ இருக்குமாம் அது,
நல்ல குலையில் கால்வாசி.
எத்தனையோ ஆயிரம் டன் நிறுத்தவளுக்கு
தோளுக்கு மேலே இருந்ததன் எடை தெரியாது.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே செய்தேன்.
கூரையைப் பார்த்துக் கீழ்த்தாடையை முன்னே தள்ளி
எட்டு எண்ணுகையில்
குணாளன் ஹார்ன் அடித்தான்:
அக்கா, மேல என்ன, பல்லியா?
ரசீதை நீட்டினேன். பதில் சொல்லவில்லை.
ஏழில் நின்ற எண்ணிக்கையை
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

அவன் லாரியில்தான் ஒருநாள் ரஃபிக் வந்தான்,
பதினொன்றாம் நம்பர் காட்டில் குலை வெட்டுபவன்.
என் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று
பிடரியைத் தொட்டு, சாக்கிட் என்றான்.
நாளெல்லாம் மேலே பார்க்கிற கழுத்து அவனுடையது.
நாளெல்லாம் கீழே, ரசீதைப் பார்க்கிற கழுத்து என்னுடையது.
எனக்குச் சொன்னது அவனுக்கு ஆகுமா தெரியவில்லை.
மோவாயை உள்ளே இழுத்துக் காட்டினேன்.
அவனும் இழுத்தான்.
குணாளன் சிரித்துச் சிரித்து,
பிறகு அவனும்.
பின்னால் மூன்று லாரிகள் காத்திருந்தன,
எங்களுக்கு என்ன வந்ததென்று.

ஆள் இல்லாத மதியத்தில்
எடைமேடையில் ஏறி நின்று பார்த்தேன்.
பத்துப் பத்தாய்த்தான் பேசும் அது.
எழுபது என்றது.
ஒரு கிலோவை அது சும்மா போட்டுத் தந்ததில்
கொஞ்சம் கோபம், கொஞ்சம் சந்தோஷம்.

பதினாலாவது வாரம்.
திரைச்சீலை இன்னும் இருக்கிறது,
காற்றுக்கு முன்போல ஆடுவதில்லை, அவ்வளவுதான்.
நேற்றிரவு பாயில் படுத்துத் தலையைத் தூக்கினேன்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.
விழவில்லை.
வலது கட்டைவிரல் நகம் பாதி கறுத்திருக்கிறது.
எதில் இடித்தேன், எந்த வருடம்,
ஒன்றும் ஞாபகமில்லை.